ஒரே ஈட்டில் எல்லாருக்கும்

ஆண்டு மலரில் எழுதத் தோசையும் இட்லியும் தவிர வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று நம் தோழியருள் சிலர் கேட்கக்கூடும். ஒழுக்கம், நாட்டுப்பற்று, நூலகத்தின் பயன், மரம் நடுவோம் என்று எத்தனையோ தலைப்புகள் இத்தகைய மலர்களை அணி செய்து வருகின்றன. அவற்றின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நாள்தோறும் நம் கண்ணெதிரே, நம் வீட்டு அடுப்பங்கரையில் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியும் இரண்டு பக்கமேனும் எழுதப்பட வேண்டும் என்பது நம் எண்ணம். காலைப் பலகாரம் வீட்டில் எல்லாருக்கும் சூடாகக் கிடைக்கிறது. அதைச் செய்தவருக்கு அது எப்போது கிடைக்கிறது, எந்த நிலையில் கிடைக்கிறது?

தோசையையே எடுத்துக்கொள்வோம். தோசைக்கல் ஒரு சமயத்தில் ஒரு தோசையைத்தான் தரும். மாவை ஊற்றிப் பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டு, வெந்ததும் திருப்பி எடுக்க 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 6 பேர். ஆளுக்கு 3 தோசை. ஆக 18 தோசை, 36 நிமிடம். இடையிடையே கல்லைத் துடைப்பது, சட்னி கேட்டவருக்குச் சட்னி, தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் என்று கூட்டினால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அந்த முக்கால் மணி நேரமும் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். உண்பவர்களாவது சேர்ந்து உண்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. தம்பி இரண்டு தோசை முடித்து மூன்றாவதற்குக் காத்திருக்கும்போது அக்காவின் தட்டு காலியாக இருக்கிறது. அக்காவுக்கு வந்து சேரும்போது அப்பா கை கழுவ எழுந்துவிடுகிறார். ஒரு குடும்பம் ரேஷன் கடை வரிசைபோல் ஆகிவிடுகிறது.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கல் இன்னும் பதம் வராத நிலையில் ஊற்றும் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். அது ஒரு தட்டில் ஓரமாக ஒதுக்கப்படும். பாத்திரத்தை வழித்து ஊற்றும் கடைசித் தோசை சிறியதாகவும் தடித்தும் அமையும். இவ்விரண்டும் யாருக்கு உரியவை என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை; ஆயினும் பெரும்பாலான வீடுகளில் விதி ஒன்றுதான். அம்மா உட்காரும் வேளையில் சட்னிக் கிண்ணத்தில் தாளித்த கடுகும் ஒரு மிளகாயும் மிஞ்சியிருக்கும். காபி ஆறி ஆடை படிந்திருக்கும். "எனக்கு ஆறினால்தான் பிடிக்கும்" என்று அம்மாவே சொல்வதும் உண்டு. அதை அப்படியே நம்பிவிடுவது பிள்ளைகளுக்கு வசதியாகவும் இருக்கிறது.

வார நாட்களில் பள்ளி வண்டியும் அலுவலக நேரமும் குடும்பத்தைப் பிரித்துத்தான் வைக்கும். அதை மாற்றுவது எளிதன்று. நாம் பேசுவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கத்தோலிக்க இல்லங்களில் ஞாயிறு காலைப் பலகாரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. நம் பாட்டிமார் சிறுமிகளாக இருந்த காலத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல் கோவிலுக்குப் போக வேண்டும். 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் அருந்தலாம் என்று அனுமதித்தார். 1957-இல் நோன்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை 1 மணி நேரம் ஆக்கினார். ஆயினும் முதல் பூசைக்குப் போகும் வீடுகளில், பூசை முடிந்து வந்த பிறகே வாயில் வைப்பது என்னும் பழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. கோவிலிலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பசியோடு வருகிறார்கள். வந்ததும் மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நாளிதழை விரிக்கிறார்கள். அதே பூசை கண்டு, அதே வெறும் வயிற்றோடு, அதே தூரம் நடந்து வந்த ஒருவர் மட்டும் சேலையை மாற்றக்கூட நேரமின்றி அடுப்பைப் பற்ற வைக்கிறார். நோன்பு முடியும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. நம் வீடுகளில் அது அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஒன்றரை மணி நேரம் நீள்கிறது.

தோசையின் சுவையே கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருவதில்தானே இருக்கிறது என்பர். உண்மைதான். மொறுமொறுப்பான தோசைக்கு நாமும் பகைவரல்லர். ஆனால் அந்த மொறுமொறுப்புக்கு யார் கால்கள் விலை கொடுக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதும் அன்று. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் வாஃபிள் என்றொரு பலகாரம் உண்டு. இங்கே நகரத்துக் கடைகளில் அதைச் சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வழிய வழிய விற்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் அது விடுமுறை நாளின் காலை உணவு. மைதா, முட்டை, பால், வெண்ணெய் சேர்த்துக் கரைத்த மாவைத் தேன்கூடுபோல் சதுரச் சதுரமாகக் குழி விழும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு இடையே ஊற்றி மூடி, இரு பக்கமும் ஒரே சமயத்தில் வேகவைத்து எடுக்கிறார்கள். அடுப்பின் மேல் வைத்துத் திருப்பத்தக்க வாஃபிள் இரும்புக்கு 1869 ஆகஸ்ட் 24-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் காப்புரிமை பெற்றார். பிறகு மின்சாரத்தில் இயங்குவது வந்தது. எது வந்தாலும் ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோதான். அதுவும் நாலைந்து நிமிடம் பிடிக்கும். ஆகவே அங்குள்ள தாயும் நம் தாயைப் போலவே நின்றுகொண்டிருந்தாள்.

அங்கே இதற்குக் கண்ட வழி கவனிக்கத்தக்கது. முதலாவது, வெந்த வாஃபிளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்குவதில்லை. அடுக்கினால் உள்ளிருந்து எழும் ஆவி வெளியேற இடமின்றி அதையே நனைத்துத் தொய்ய வைத்துவிடும். கம்பி வலைத் தட்டின் மேல் தனித்தனியே பரப்பி, 95 டிகிரி சென்டிகிரேடு அளவில் மிதமாகச் சூடேற்றிய அவனுக்குள் வைத்துவிட்டால் கடைசி வாஃபிள் வேகும்வரை முதலாவதும் சூடும் மொறுமொறுப்பும் குறையாமல் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக மேசைக்குக் கொண்டுவந்து, செய்தவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரலாம். இரண்டாவது, ஓய்வான ஒரு நாளில் பெருமளவில் சுட்டு, நன்றாக ஆறவைத்து, உறைபெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது ரொட்டி வாட்டும் கருவியில் வாட்டி எடுப்பது. உறையவைத்த வாஃபிளை 1953-இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரத்து டோர்சா சகோதரர்கள் கடைச் சரக்காகவே விற்கத் தொடங்கினார்கள். 'எக்கோ' என்னும் பெயரில் அது இன்றும் அங்கு விற்பனையாகிறது.

நம் வீடுகளில் வாஃபிள் செய்யச் சொல்லவில்லை. (ஓர் இடைக்குறிப்பு: திருப்பலிக்குரிய ஓஸ்தியும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு இடையேதான் சுடப்படுகிறது. கோதுமை மாவும் தண்ணீரும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. மெல்லிய அப்பத்தைக் குறிக்கும் 'வேஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'வாஃபிள்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஓஸ்தி சுடும் கன்னியர் மடங்களில் பணிபுரிந்த அருட்சகோதரிகள் இதைப் படித்தால் புன்னகை செய்வார்கள்.) நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது பலகாரத்தை அல்ல, ஏற்பாட்டை. எந்தப் பலகாரம் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று அறிந்து அதற்கேற்ப முறைப்படுத்தினால் செய்தவரும் பந்தியில் உட்கார முடியும். தோசை காத்திருக்காது. அது மெல்லியது, சீக்கிரம் ஆறும், ஆறினால் வார்போல் இழுபடும். கம்பித் தட்டில் பரப்பினாலும் அதிக நேரம் தாங்காது. எனவே எல்லாரும் சேர்ந்து உட்காரும் வேளைக்குத் தோசை ஏற்றதன்று என்பது நம் தீர்ப்பு.

இட்லியின் பெருமை இங்கேதான் தெரிகிறது. நோயாளிக்கு ஏற்றது, குழந்தைக்கு ஏற்றது, எண்ணெய் இல்லாதது என்றெல்லாம் இட்லியைப் புகழ்வார்கள். அதன் தலையாய சிறப்பை நம் தாய்மார் வழங்கும் ஒரு சொல்லே கூறிவிடுகிறது. "ஓர் ஈடு இட்லி" என்கிறோம். தோசைக்கு ஈடு கிடையாது, இட்லிக்கு உண்டு. ஓர் ஈட்டில் 16 இட்லி ஒன்றாக வேகின்றன. மூடியை வைத்த பிறகு 10 முதல் 12 நிமிடம் அடுப்பருகே யாருக்கும் வேலை இல்லை. உட்காரலாம், செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லலாம், பிள்ளையின் சடையைப் பின்னலாம். வேலை நம்மைப் பிடித்து வைக்காமல் தானே நடக்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடம் சமையற்கலையில் அரிதான செல்வம்.

மாவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஞாயிறு காலையின் ஓய்வு சனிக்கிழமையன்றே தொடங்குகிறது. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நண்பகலில் ஊறவைத்தால் மாலையில் அரைக்கலாம். உளுந்தைத் தனியே பஞ்சுபோல் பொங்க அரைத்து, அரிசியைச் சற்றே கரகரப்பாக அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்கச் செய்வது மந்திரம் அன்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், அவற்றுள் சிறப்பாக லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா, மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. இரவெல்லாம் நாம் உறங்க, நமக்காக உழைப்பவை அவை. மேற்சொன்ன அளவுக்கு ஏறக்குறைய 45 முதல் 50 இட்லி வரும். 6 பேர் கொண்ட வீட்டுக்கு ஆளுக்கு 4 வீதம் 24 போக, மிச்ச மாவு குளிர்பெட்டிக்குப் போகலாம்.

ஆட்டுக்கல்லில் குழவியைச் சுழற்றி அரைத்த தலைமுறையை நினைத்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதற்கு முழுத் தகுதி உண்டு. இப்போது கடையில் பாக்கெட் மாவும் கிடைக்கிறது. ஆனால் விந்தை என்னவென்றால், அரைக்கும் வேலையைப் பொறி வாங்கிக்கொண்ட பிறகும் சுடும் வேலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நினைத்த நேரத்தில் மாவு கிடைப்பதால் காலையிலும் தோசை, இரவிலும் தோசை என்றாகி, நிற்கும் நேரம் சில வீடுகளில் கூடியே விட்டது.

இடியாப்பமும் புட்டும் இட்லியின் உறவினர்களே. ஆவியில் ஒன்றாக வெந்து ஒன்றாக வருபவை. இடியாப்பம் பிழியக் கைவலிமை வேண்டும். அந்த வேலைக்கு வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்? ஆப்பம்தான் சிக்கலானது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பாஸ்கு விழாவுக்கும் ஆப்பம் இல்லாமல் விழாவே இல்லை என்னும் இல்லங்கள் உண்டு. ஆப்பச்சட்டியும் தோசைக்கல்லைப் போல ஒவ்வொன்றாகத்தான் தரும். ஆனால் நடுவே பஞ்சுபோல் இருப்பதால் ஆப்பம் தோசையைவிடப் பொறுமையுள்ளது. ஓரத்து முறுகல் போனாலும் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டால் குறை தெரியாது. இரண்டு சட்டி வைத்து, எல்லாவற்றையும் சுட்டு முடித்த பிறகே பந்தியைத் தொடங்குவது என்று அன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். வந்தவர்களை அரை மணி நேரம் பொறுத்திருக்கச் சொல்வதில் விழாவின் மாண்பு குறைந்துவிடாது.

இனி மறைநூலைத் தொட்டு ஒரு சொல். மார்த்தாள், மரியாள் கதை (லூக்கா 10-ஆம் அதிகாரம்) மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டது. மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: மார்த்தாளும் வந்து காலடியில் உட்கார்ந்திருந்தால் அன்றைய உணவு என்னவாகியிருக்கும்? இதற்கு விடை யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் இருப்பதாக நாம் கருதுகிறோம். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடர்களுக்குத் தாமே காலை உணவு செய்கிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்கள் கரைக்கு வரும்போது கரிநெருப்பு மூட்டியாயிற்று, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அதோடு, அவர்கள் அப்போது பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். பசித்தவர்களை வரிசையில் காக்க வைக்கவில்லை. உணவை ஆயத்தமாக்கிவிட்டு, உண்ண வருபவர்களையும் வேலையில் ஒரு கை சேர்த்துக்கொண்டு, பிறகே அழைக்கிறார். காலைப் பலகாரம் செய்வது பெண்களின் வேலை, அது தாழ்ந்த வேலை என்று எண்ணுகிற ஆண்மக்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

மடங்களின் வழக்கத்திலும் நமக்குப் பாடம் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் 35-ஆம் அதிகாரம் அடுக்களைப் பணியைப் பற்றியது. வாரத்துக்குச் சிலராக முறை வைத்து எல்லாரும் சமையற்கட்டில் பணிபுரிய வேண்டும் என்கிறார். அதற்கு மேலும் ஒன்று சொல்கிறார். பணி முறையில் இருப்பவர்களுக்குப் பந்திக்கு 1 மணி நேரம் முன்பே, வழக்கமான பங்குக்கு மேலாக, சிறிது அப்பமும் பானமும் கொடுத்துவிட வேண்டுமாம். அப்போதுதான் அவர்கள் முணுமுணுப்பின்றிப் பரிமாற முடியுமாம். தவமும் நோன்பும் நிறைந்த துறவு மடத்திலேயே பரிமாறுபவரின் பசியை எண்ணி ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. பாசம் நிறைந்த இல்லங்களில் அப்படி ஒரு விதி இல்லாதிருப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது? 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ 81 பேர். 299 நிமிடம் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம், அதாவது பள்ளியில் நாம் பாடம் கேட்கும் ஒரு முழு நாள். இதில் பெற்றோரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் கண்ட வழி அது. ஆனால் நம் அண்ணன் தம்பியரும் நாமும் அடுத்த கணக்கெடுப்பில் இடம்பெறப் போகிறவர்கள். "பெண்பிள்ளைதானே, நீ போய் அம்மாவுக்கு உதவு" என்று நம்மை மட்டும் எழுப்பி அனுப்புவது தீர்வாகாது. அம்மா நின்ற இடத்தில் மகள் நிற்பதால் நிற்பவர் மாறினார், நிற்பது மாறவில்லை.

ஆதலால் ஞாயிறு காலைக்கு ஓர் ஒழுங்கைப் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறோம். சனிக்கிழமை மாலை மாவு அரைக்கும்போதே தேங்காயைத் துருவி வைத்துவிடுவது தம்பியின் வேலை. வெங்காயமும் மிளகாயும் நறுக்கி வைப்பது யார் என்பதை வீட்டார் தீர்மானிக்கலாம். ஞாயிறன்று பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா இட்லிப் பானையில் தண்ணீர் வைத்துக் கொதிக்க விடட்டும். அது கொதிக்கும் 5 நிமிடத்தில் ஒருவர் தட்டுகளுக்கு எண்ணெய் தடவி மாவு ஊற்ற, அம்மா உடை மாற்றிக்கொண்டு வரலாம். முதல் ஈடு வேகும்போது சட்னி அரைத்துத் தாளித்துவிடலாம். வெந்த இட்லிகளை, உள்ளே சுத்தமான துணி விரித்த ஹாட் பாக்ஸில் எடுத்து வைக்க வேண்டும். ஆவி நீராகி இட்லிமேல் சொட்டாமல் துணி உறிஞ்சிக்கொள்ளும். பன்னிரண்டே நிமிடத்தில் இரண்டாம் ஈடும் இறங்கிவிடும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது. இதுதான் முக்கியமான விதி. பசி பொறுக்காத சின்னக் குழந்தைக்கும் மருந்து சாப்பிட வேண்டிய பாட்டிக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம். வீட்டுக்குள் நுழைந்தது முதல் 40 நிமிடத்தில் 24 இட்லியும் சட்னியும் காபியும் நடுவே இருக்க, ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து உணவுக்கு முன் செபத்தை ஒரே குரலில் சொல்லலாம். செபம் சொல்லும்போது அடுப்பங்கரையிலிருந்து ஒரு குரல் தனியே சேர்ந்துகொள்ளும் வழக்கம் அன்றாவது இருக்காது.

தோசை என்ன ஆகும் என்று கவலைப்படுவோர் கவலைப்பட வேண்டாம். மிச்ச மாவு குளிர்பெட்டியில் இருக்கிறது. திங்கள் மாலை பள்ளி விட்டு வந்ததும், விருப்பமுள்ளவர் கல்லைப் போட்டுத் தமக்கு வேண்டியதைத் தாமே மொறுமொறுவென்று சுட்டுக்கொள்ளலாம். ஒருவர் உண்டு முடித்ததும் தோசைத் திருப்பியை அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். கல்லில் ஒட்டிய முதல் தோசை யாருக்கு என்பதை மட்டும் அங்கே உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்ளட்டும். அம்மாவின் பெயரை அந்தச் சீட்டில் எழுதக் கூடாது.